லில்லியை ஏற்றாத கப்பல்

கொழும்பு, கொட்டாஞ்சேனை
1911 ஜூன் 14

அன்புள்ள அக்காளுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஆசீர் என் மடியை விட்டு இறங்கினது இப்போதுதான். ஐந்து மாதப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எழுத்து கோணியிருந்தால் தூக்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

வந்து சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தந்தி கொடுத்தாயிற்றே, அது போதும் என்று இருந்துவிட்டேன். போதாதுதான்.

லில்லிக்கு உடம்பு எப்படி இருக்கிறது? முதுகில் இருந்தது இறங்கிவிட்டதா? காய்ச்சல் உண்டா?

தூத்துக்குடியில் நடந்ததை நான் ஒருமுறை எழுதிவிடுகிறேன். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள், உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் எழுதிப் பார்த்தால்தான் நடந்தது எது, நான் பிறகு சேர்த்துக்கொண்டது எது என்று எனக்குத் தெரியும்.

கப்பல்துறைப் பாலத்தின் முனையில் டாக்டர் துரை எல்லாருடைய நாக்கையும் கையையும் பார்த்தார். லில்லியின் சட்டையைத் தூக்கினார். முதுகெல்லாம் சிவப்பாகப் பொரிந்திருந்தது. "அம்மையாக இருக்கலாம்" என்று இங்கிலீஷில் சொன்னார். பக்கத்தில் ரிஜிஸ்தரோடு இருந்த குமாஸ்தா நிமிர்ந்து, "இது யார் பிள்ள? தாய் யாரு? தாயும் கூடப்பொறந்ததுகளும் பன்னிரண்டு நாள் முகாமுக்குப் போணும்" என்றார். ரயிலில் வந்த அந்த அம்மாள் முகாமைப் பற்றிச் சொன்னதுதான் எனக்குக் காதில் கேட்டது. அவள் தங்கையின் கைக்குழந்தை போன மாதம் அங்கே வயிற்றுப்போக்கில் போய்விட்டது என்றாளே. நான் ஆசீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போது நீங்கள், "என் பிள்ளைதான். வழியனுப்ப வந்தேன், கப்பல் ஏறல" என்றீர்கள். குமாஸ்தா என்னைப் பார்த்தார். பெற்றவள் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

இவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிராது.

லாஞ்சு கரையை விட்டபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றில்லை. ஆசீர் கக்கினான், துடைக்க வேண்டியிருந்தது. துடைத்து நிமிர்ந்தபோது பாலத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே அளவாகத் தெரிந்தார்கள். கப்பல் ஐந்தாறு மைலுக்கு அப்பால் நிற்கிறது. லாஞ்சு ஆள் உயரத்துக்கு எழும்பித் தாழ்கிறது, அந்த ஆட்டத்தில்தான் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். ஒரு கப்பல்காரர், "பிள்ளைய எங்கிட்டத் தா தாயீ, பைய ஏறு" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. சேலைத் தலைப்பால் ஆசீரை மார்போடு கட்டிக்கொண்டு ஏறினேன்.

மேல்தட்டில் எனக்குப் பக்கத்தில் பாயை விரித்த அம்மாள், "ஒண்ணுதானா? ஒரு பிள்ளைன்னா பாடில்லை. ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டுக் கப்பலேறுதவ பாடுதான் பாடு" என்றாள். நான் ஆமாம் என்றேன். இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். நினைத்தால் ஒன்றும் வரவில்லை. அழுகை வரும் என்று காத்திருக்கிறேன்.

இங்கே துறையில் லில்லி அப்பா நின்றார்கள். ஆசீரை அன்றுதான் முதன்முதல் பார்க்கிறார்கள், ஆனாலும் வாங்கிக்கொள்ளவில்லை. குனிந்து என் சேலைக்குப் பின்னால் பார்த்தார்கள். லில்லி அங்கேதானே ஒளிந்துகொள்வாள். டாக்டர் தடுத்துவிட்டார் என்று சொன்னேன். பொய் இல்லை.

பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
ஹெப்சிபா

*

விக்கிரமசிங்கபுரம்
1911 ஜூன் 23

கர்த்தருக்குள் பிரியமான ஹெப்சிக்கு அக்காள் சாலோமி எழுதுவது.

அம்மையும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை. வேர்க்குரு. நுங்குத் தண்ணியைத் தடவினேன், மூன்றாம் நாள் முதுகு பளிச்சென்று ஆகிவிட்டது. காய்ச்சல் இல்லை. இப்போது இங்கே சாரல் விழுகிறது, அதனால் பிள்ளைக்கு வெக்கையும் இல்லை.

மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். கல்லூரிக்குப் போய் எஃப்.ஏ. வரை படித்தவள் நீ. துரைசாணிமாரோடு மேஜையில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேசினவள். டாக்டரும் இங்கிலீஷ்காரர்தான். வேர்க்குருவுக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை இல்லையா? "என் பிள்ளை" என்று நான் சொன்னது உனக்கு நாலு விநாடி வாங்கித் தருவதற்கு. அந்த நாலு விநாடிக்குள் நீ வாயைத் திறப்பாய் என்று நினைத்தேன். நீ லாஞ்சில் ஏறிவிட்டாய். உன் தகரப்பெட்டியை ஏற்றியவன்கூட ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான்.

சரி, அது போகட்டும். உன்மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

திரும்பி வந்த பாட்டைச் சொல்லுகிறேன். தூத்துக்குடியில் தொடங்கின அழுகை மணியாச்சி வரை ஓயவில்லை. வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் போலப் பார்த்தார்கள். நான் மடியில் அமுக்கிப் பிடிக்கப் பிடிக்க அவள் வில்லாக வளைந்தாள், என் தோளைக் கடித்தாள், தழும்பு இன்னும் இருக்கிறது. மணியாச்சியில் வண்டி மாற இறங்கினோம். மேலப்பாளையத்துக்குப் போகிற ஒரு அம்மாள், மைதீன் பாத்திமா என்று பெயர், தன் மூன்று பிள்ளைகளைக் கோழிக்குஞ்சு மாதிரி சுற்றி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஏளா, பிள்ளய அங்கன அமுக்காத. கீழ வுடு. நடக்கட்டும். நடந்து அலுத்தா அதுவா மடிக்கு வரும்" என்றாள்.

"ஓடிருவாளே" என்றேன்.

"எங்க ஓடும், ரங்கூனுக்கா? நீ பாக்காத மாதிரி பாத்துக்கிட்டு இரி."

கீழே விட்டேன். பிளாட்பாரத்தில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் எட்டு தடவை நடந்தாள். ஒன்பதாவது தடவை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கினேன். உடனே தூங்கிவிட்டாள். பாத்திமா பனங்கற்கண்டு ஒரு கட்டி கொடுத்து, "ஒனக்கு இது மூத்ததா?" என்று கேட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம், ஹெப்சி. அப்படி ஒருத்தி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு எழுதமாட்டேன்.

முதல் நாலு நாள் வாசலில் நின்று "அம்மா எப்ப வருவா" என்றாள். ஐந்தாம் நாள் முறுக்கு கேட்டாள். மில்லில் சங்கு ஊதினால் முதலில் பயந்தாள், இப்போது சங்கு ஊதினதும் உன் அத்தானின் செருப்பை எடுத்துக் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் ஆபீசில் போய் இதையே எல்லாரிடமும் சொல்லுகிறாராம். பக்கத்து வீட்டு நீலாம்பாள், "ஆம்பிளப் பிள்ளயத் தூக்கிட்டுப் போயிட்டா, பொட்டப் பிள்ளய விட்டுட்டுப் போயிட்டாளாக்கும்" என்றாள். "பால் குடிக்கித பிள்ளய விட்டுட்டா போவா? வாய மூடு" என்றேன். உனக்காகச் சண்டை போட்டேன் என்பதைத் தெரிந்துகொள்.

ஆகஸ்டு மாதம் குருவானவர் ஜேசுதாசன் அவர்களின் மனைவி கொழும்புக்குப் போகிறார்கள். அவர்கள் லில்லியைக் கூட்டிப்போகச் சம்மதித்திருக்கிறார்கள்.

சாலோமி

*

கொழும்பு
1911 ஜூலை 9

அன்புள்ள அக்காளுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வேர்க்குருவுக்கு இங்கிலீஷில் வார்த்தை உண்டு. எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும்.

இங்கே ஓயாத மழை. ஆசீரின் துணிகள் காய்வதில்லை, அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப்போடுகிறேன். சாதம் வேகிறது, பால் சுரக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறோம். எல்லாம் யாரோ செய்வதுபோல நடக்கிறது. லில்லி அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "உன் அக்காள் எழுதினார்களா" என்று கேட்பார்கள். டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் அவர்களுக்கு லீவு கிடையாது. அதனால் குருவானவர் மனைவியோடு அனுப்புங்கள்.

இதோடு ஒரு இங்கிலீஷ் கடிதம் வைத்திருக்கிறேன். லில்லி எங்கள் மகள், அவளைக் கூட்டிவருகிறவர்கள் எங்கள் சம்மதத்தோடு வருகிறார்கள் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சின்னப் பிள்ளை தாயோடு போகவேண்டும், இல்லாவிட்டால் தாய் தகப்பன் இரண்டு பேர் கடிதத்தோடும் போகவேண்டும், அதுதான் அங்கே விதி. நீங்கள் அந்தக் குமாஸ்தாவிடம், ஜூன் மாதம் எழுதினது தவறு, நான் பெரியம்மா, தாய் கொழும்பில் இருக்கிறாள் என்று சொல்லி இதைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் எதற்கு என்று லில்லி அப்பா கேட்டார்கள். விதி என்றேன். மற்றதை நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

பிரயாணத்துக்கு வேண்டியதை எழுதுகிறேன். குருவானவர் மனைவிக்குப் பிள்ளைகள் வளர்ந்து வெகுநாளாயிற்று, மறந்திருப்பார்கள்.

லாஞ்சில் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலிருந்து பால் கொடுக்கவேண்டாம். பொரி கொடுக்கலாம், அரிசி முறுக்கும் கொடுக்கலாம். வயிற்றில் பால் இருந்தால் கக்குவாள், கக்கினால் பயப்படுவாள், பயந்தால் நிறுத்தமாட்டாள். சீலைத்துணியை நீளமாகக் கிழித்து, ஒரு முனை அவள் இடுப்பிலும் மறுமுனை பெரியவர்கள் மணிக்கட்டிலும் கட்டவேண்டும். கப்பல் தட்டில் கம்பிகளுக்கு நடுவே ஒரு பிள்ளை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். இடப்பக்கம் படுத்தால்தான் தூங்குவாள். யாராவது அவள் காது மடலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் விழித்தால் பேசவேண்டாம், பேசினால் முழுதும் விழித்துக்கொள்வாள். "லில்லி நல்ல பிள்ளையா" என்று யாராவது கேட்டால் இல்லை என்பாள், அதற்காகக் கோபிக்கவேண்டாம். மாற்றுத் துணி குறைந்தது ஆறு வேண்டும். கப்பலில் குடிக்கிற தண்ணீரை நம்பவேண்டாம், காய்ச்சி ஆற்றிக் கூஜாவில் கொடுத்து அனுப்புங்கள்.

இதற்குமேல் நினைவு வரவில்லை. தாய்க்கு இவ்வளவுதான் தெரியுமா என்று நினைப்பார்களோ என்னவோ.

ஹெப்சிபா

*

விக்கிரமசிங்கபுரம்
1911 ஆகஸ்டு 19

ஹெப்சிக்கு,

குருவானவர் மனைவி தனியாக வந்து இறங்கினதைப் பார்த்திருப்பாய். பிள்ளை அழுததால் ஏற்றவில்லை என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பார்த்தது அதுதான். நான் நடந்ததை எழுதுகிறேன். இதை உன் அத்தானிடம்கூட நான் சொல்லவில்லை.

நீ எழுதினபடி எல்லாம் செய்தேன். பால் கொடுக்கவில்லை. துணி கிழித்துக் கட்டினேன், என் மணிக்கட்டில்தான் கட்டியிருந்தேன். பாலத்தில் போய் நிற்கும்போது அவிழ்த்து அந்த அம்மாள் கையில் கட்டவேண்டும். அவிழ்த்தேன். லில்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கத்தினாள். உலகத்தில் ஒரு பிள்ளை அப்படிக் கத்தக்கூடாது. தூத்துக்குடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. குருவானவர் மனைவி, "என்னம்மா இது, நான் எப்படி ராத்திரி முழுக்க..." என்று பின்வாங்கினார்கள்.

அதே குமாஸ்தா. ரிஜிஸ்தரைப் புரட்டினார். ஜூன் மாதத்து எழுத்து அதில் இருக்கிறது. "இது ஒங்க பிள்ளைல்லா? அன்னைக்கும் நீங்கதான வந்திய? நீங்க போகாம பிள்ளய மட்டும் ஏன் அனுப்புதிய?" என்றார். துரை பின்னால் நின்றுகொண்டிருந்தார். குமாஸ்தா திரும்பவும், "தாய் நீங்கதானே?" என்று கேட்டார். உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது, ஹெப்சி. பையின் வாயை நான் திறந்துகூட வைத்திருந்தேன். கையை விட்டு எடுக்கவேண்டியதுதான்.

"ஆமா, நான்தான்" என்றேன்.

முதல் தடவை உனக்காகச் சொன்னேன். இந்தத் தடவை யாருக்காகவும் இல்லை. நீயும் பக்கத்தில் இல்லை.

"அப்பொ தாய் இல்லாம அனுப்ப முடியாது, தகப்பன் கடுதாசி கொண்டாங்க" என்றார். சரி என்று திரும்பிவிட்டேன். மணியாச்சி வரை அவள் என் மடியில் உட்கார்ந்து வெளியே ஆடுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். மூன்றுக்குமேல் அவளுக்கு எண்ணத் தெரியாது, மூன்று வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அம்பாசமுத்திரத்தில் இறங்கி மாட்டுவண்டியில் வரும்போது என்னை அம்மா என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை.

ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்மார் வழக்காட, சாலொமோன் ராஜா வாளை எடுத்தாரே என்று எனக்கு எழுதாதே. அந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் நான் ஒன்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்தார்கள்.

நான் செய்தது பாவம். தெரிந்துதான் செய்தேன். டிசம்பரில் உன் புருஷன், தம்பி பாக்கியசீலன், வந்தால் நான் தடுக்கமாட்டேன். அதற்குமுன் அனுப்பு என்று கேட்காதே. இன்னொரு முறை அந்தத் துணியை என்னால் அவிழ்க்க முடியாது.

சாலோமி

*

கொழும்பு
1911 செப்டம்பர் 2

அன்புள்ள அக்காளுக்கு,

மறுபடியும் நேரம் கெட்ட நேரத்தில்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆயிற்று. வந்த அன்று மூன்று தடவை படித்தேன். பிறகு ஆசீரின் துணிகளைத் துவைத்தேன். உங்கள்மேல் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். பல்லுக்கு மருந்து வைத்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல இருக்கிறது. இடம் இருக்கிறது. வேறொன்றும் தெரியவில்லை.

நான் சும்மா நின்றேன். நீங்கள் பொய் சொன்னீர்கள். இரண்டுக்கும் ஒரே ரிஜிஸ்தர்தான்.

லில்லி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தையும் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "கேட்டபோது நீ பக்கத்தில்தான் நின்றாயா" என்றார்கள். "நின்றேன்" என்றேன். "முகாமுக்குப் பயந்தா?" "ஆமாம்." இன்னொன்றும் கேட்பார்கள் என்று இருந்தேன். விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். காலையில், டிசம்பரில் தாங்களே போய்க் கூட்டிவருவதாகச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். டிசம்பர் என்றால் இன்னும் மூன்று மாதத்துக்குமேல். லில்லிக்கு மொத்த வயதே இரண்டரைதான்.

நான் வருகிறேன். ஆசீரையும் தூக்கிக்கொண்டு இம்மாதம் இருபத்தெட்டாம் தேதிக் கப்பலில் ஏறுகிறேன். உங்கள் வீட்டில் இரண்டு வாரம் இருப்பேன். வீட்டில் இடம் இல்லை என்றால் நீலாம்பாள் வீட்டில் ஒரு அறை வாடகைக்குக் கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்வேன். அக்டோபர் பதினான்காம் தேதி இரண்டு பிள்ளைகளோடும் திரும்புகிறேன். பாலத்தில் அந்தக் குமாஸ்தா கேட்பார். அன்றைக்கு நான் பேசாமல் நின்றேன், இவள் என் பிள்ளை, ஜூன் மாதம் எழுதினது பொய் என்று நானே சொல்வேன். பொய் சொன்னதற்காகப் பன்னிரண்டு நாள் முகாமில் போட்டாலும் போடுவார்கள். போட்டால் மூன்று பேருமாக இருப்போம். ஆசீருக்கு இப்போது எட்டு மாதம், கஞ்சி குடிக்கிறான். எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதவில்லை. இதுவரை மனதில் எத்தனை தடவை அந்த முகாமுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. இருக்கட்டும்.

வழியனுப்ப நீங்கள் துறைமுகத்துக்கு வரவேண்டாம். அம்பாசமுத்திரத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

நான் வந்து இறங்கும்போது அவள் என்னை யார் என்று கேட்டால் சித்தி என்று சொல்லுங்கள். உங்களை அம்மா என்கிற பிள்ளைக்கு அதுதான் முறை. என்னை அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் திருத்தாதீர்கள். மற்றதைக் கப்பலில் பார்த்துக்கொள்கிறேன்.

கிளம்புவதற்குமுன் எனக்குச் சில காரியங்கள் தெரியவேண்டும். ஜூலையில் நான் எழுதினது எல்லாம் பழசாகிவிட்டிருக்கும். இப்போது எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறாள்? காதைப் பிடிக்க வேண்டுமா, அது விட்டுப்போய்விட்டதா? பாலில் என்ன கலக்கிறீர்கள்? மில் சங்கு இல்லாத இடத்தில் விழித்தால் என்ன கேட்பாள்? நீங்கள் என்ன பாடுகிறீர்கள்? ராகம் எழுத்தில் வராது, வார்த்தைகளை மட்டும் எழுதுங்கள். அழுதால் எவ்வளவு நேரம் அழுகிறாள், எதைச் சொன்னால் நிறுத்துகிறாள்? உங்களைக் கேட்டு அழுதால் என்ன சொல்ல வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு உங்களுக்கு மனம் வந்தால் எழுதுங்கள். மற்றவை கட்டாயம் வேண்டும். ஒரு ராத்திரி முழுவதும் தண்ணீர்மேல் நான் அவளோடு இருக்கவேண்டும்.

கடிதம் இங்கே இருபத்தைந்துக்குள் வந்தால்தான் எனக்குக் கிடைக்கும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஹெப்சிபா